சந்தை அஞ்சியது என்றால் அஞ்சியவர் யார்?

'ஊர் சிரித்தது' என்னும் தொடரில் சிரித்தவை மண்ணும் சுவரும் அல்ல. அவ்வூரில் வாழும் மக்களே சிரித்தனர். இடத்தின் பெயர் அவ்விடத்தில் உள்ளார்க்கு ஆகிவருதலின் அதனை இடவாகுபெயர் என்றனர் இலக்கண நூலார். பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த இவ்விலக்கணம், செய்தித்தாளைக் கையில் எடுத்த அளவில் கற்றார்க்கும் மறந்துபோகின்றது. தேர்தல் முடிவு வெளிவரும் பொழுதெல்லாம் 'சந்தை அஞ்சியது', 'சந்தை மகிழ்ந்தது', 'சந்தை தண்டித்தது' என்று கொட்டை எழுத்தில் தலைப்பிடுகின்றனர். அஞ்சியவர் யார், மகிழ்ந்தவர் யார், தண்டிக்கும் உரிமையை அவர்க்கு வழங்கியவர் யார் என்று கேட்பார் இல்லை. கால் கை இல்லாத ஏதோ ஒரு தெய்வம் மும்பையில் அமர்ந்து, மக்களின் தேர்வைச் சீர்தூக்கித் தீர்ப்புரைப்பது போல நாடே நம்பிக்கொண்டிருக்கின்றது.

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. மக்கள் தம் ஒப்போலையால் ஒரு முடிவைச் சொல்லிய மறுநாளே, அம்முடிவு நாட்டுக்குக் கேடு என்று ஓர் எண்ணைக் காட்டி அச்சுறுத்தும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அவ்வச்சுறுத்தலுக்கு ஆட்சியாளர் பணிகின்றனர், படித்தவர் தலையாட்டுகின்றனர், கடைசியில், தாம் செய்தது தவறோ என்று மக்களே ஐயுறுகின்றனர். ஆகலின் இச்சந்தை இயங்கும் வகையை, மருட்டும் அயற்சொற்களை நீக்கித் தெளிந்த தமிழில் அறிந்துகொள்ளுதல் தமிழர்க்குக் கட்டாயக் கடமையாகும்.

பங்கு என்பது ஒரு நிறுவனத்தின் உடைமையில் ஒரு கூறு. அதன் விலை அந்நிறுவனத்தின் இன்றைய வருவாயை மட்டும் சுட்டுவதில்லை. நாளையும் மறுநாளும் அது ஈட்டக்கூடும் என்று வாங்குவோர் கருதும் பேற்றையும் சேர்த்தே சுட்டுகின்றது. அப்பேற்றை மாற்றவல்ல பல திறவுகோல்கள் அரசின் கையில் உள. வரியை ஏற்றலாம், இறக்கலாம். பொதுத்துறைத் தொழில்களை விற்கலாம், காக்கலாம். கூலிச் சட்டத்தை இறுக்கலாம், தளர்த்தலாம். அத்திறவுகோல்களை யாரிடம் ஒப்படைப்பது என்பதை மக்களின் அரசியற் கருத்து முடிவு செய்கின்றது. மக்கட் கருத்து விலைக்குள் நுழையும் வாயில் இதுவே.

இன்னொன்றும் இங்குக் கருதத்தக்கது. முன்னரே எதிர்பார்த்த முடிவு வந்தால் விலை பெரிதும் அசைவதில்லை. ஏனெனில் அவ்வெதிர்பார்ப்பு முன்பே விலையில் கலந்துவிட்டது. எதிர்பாராத முடிவு வரும்பொழுதே சந்தை குலுங்குகின்றது. ஆகவே தேர்தலின் மறுநாள் நிகழும் வீழ்ச்சியோ எழுச்சியோ, மக்கள் செய்த தேர்வு நல்லதா தீயதா என்பதைக் காட்டுவதில்லை. பணமுடையோரின் கணக்கு எவ்வளவு தவறிற்று என்பதையே அது முதற்கண் காட்டுகின்றது.

2004-ஆம் ஆண்டு மே மாதத்தை எண்ணிப் பார்க்க. 'இந்தியா ஒளிர்கிறது' என்று நடுவணரசு விளம்பரம் செய்துகொண்டிருந்த காலம் அது. பொதுத்துறை நிறுவனங்களை விற்பதற்கென்றே அவ்வரசில் தனி அமைச்சகம் ஒன்று இருந்தது. அவ்வரசே மீண்டும் வரும் என்று தரகரும் பணமுதலைகளும் உறுதியாக நம்பியிருந்தனர். மே 13 அன்று ஒப்போலைகள் எண்ணப்பட்டன. ஒளியைக் கண்ணால் காணாத உழவரும் தொழிலாளரும் வேறு முடிவைச் சொல்லியிருந்தனர். பேராயக் கட்சி 145 இடங்களைப் பெற்றது. பாரதிய சனதாக் கட்சி 138 இடங்களோடு நின்றது. ஏறத்தாழ 60 இடங்களை வென்ற பொதுவுடைமைக் கட்சியினரின் துணையின்றிப் புதிய அரசு நிற்க இயலாது என்னும் நிலை பிறந்தது. பொதுத்துறை விற்பனை இனி நடவாது என்று அவர்கள் வெளிப்படையாகவே பேசினர்.

மே 17 திங்கட்கிழமை. மும்பைச் சந்தையின் 30 நிறுவனக் குறியெண் நடுப்பகலில் 842 புள்ளிகள் வரை சரிந்தது. வணிகத்தை இருமுறை நிறுத்தவேண்டியதாயிற்று. மாலையில் 564.71 புள்ளிகள், அஃதாவது 11 விழுக்காட்டுக்கு மேல், இழந்து 4,505-இல் முடிந்தது. 'மக்கள் தவறிழைத்துவிட்டனர், சந்தை தண்டித்துவிட்டது' என்று ஆங்கில ஏடுகள் புலம்பின. அன்று எந்த வயலில் விளைச்சல் குறைந்தது? எந்த ஆலையில் தறி நின்றது? ஒன்றும் நிகழவில்லை. பொதுவுடைமையை மலிந்த விலைக்கு வாங்கும் வாய்ப்பு கைநழுவிற்றே என்னும் ஏக்கமும், முந்தியவன் விற்றுத் தப்புவான் என்னும் பதைப்புமே அச்சரிவுக்குக் கரணியம்.

பின் நடந்தது என்ன? அதே பொதுவுடைமைக் கட்சிகளின் துணையோடுதான் மன்மோகன் சிங்கு தலைமையில் அரசு அமைந்தது, நான்காண்டு நடந்தது. எந்த ஆட்சியை நினைத்துச் சந்தை நடுங்கியதோ அந்த ஆட்சியிலேயே, 2008 சனவரியில், அக்குறியெண் 20,000-ஐக் கடந்து நின்றது. அறத்தின் அளவுகோலை விடுங்கள். தன் சொந்த அளவுகோலால் அளந்தாலும் சந்தையின் அன்றைய தீர்ப்பு பிழையாயிற்று. அப்பிழைக்காக எந்த ஏடும் மக்களிடம் பொறுத்தருள வேண்டவில்லை.

அடுத்த தேர்தலின் கதை தமிழர் நெஞ்சில் முள்ளாய்க் குத்துவது. 2009 மே 16 அன்று முடிவுகள் வந்தன. பேராயக் கட்சி தனித்தே 206 இடங்களைப் பெற்றது. பொதுவுடைமைக் கட்சிகள் சுருங்கின. மறு திங்கட்கிழமை சந்தை திறந்த நொடிகளிலேயே விலைகள் வரம்பைக் கடந்து பாய்ந்தன. இருமுறை நிறுத்தி, முடிவில் அன்றைய நாள் முழுமைக்கும் வணிகத்தை மூடினர். ஒரே நாளில் 2,110 புள்ளிகள். 17 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றம். தரகர் தெருவில் இனிப்பும் வெடியுமாய்க் களிப்பு பொங்கிற்று.

அந்தத் திங்கட்கிழமை எந்நாள்? 2009 மே 18. முள்ளிவாய்க்கால் மணற்பரப்பில் ஈழத் தமிழினம் குருதியில் மிதந்த அதே நாள். அப்போரின் இறுதி மாதங்களில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கக்கூடும் என்று ஐக்கிய நாடுகள் அவைச் செயலர் அமைத்த வல்லுநர் குழு 2011-இல் எழுதிற்று. மும்பையின் ஏற்றத்துக்கும் முள்ளிவாய்க்காலின் சாவுக்கும் நேர்த்தொடர்பு உண்டென்று இங்குச் சொல்லப்படவில்லை. மும்பை மகிழ்ந்தது தேர்தல் முடிவுக்காக. எனினும் சந்தை எதனைக் காணும், எதனைக் காணாது என்பதற்கு அந்த ஒருநாளைவிடக் கொடிய சான்று வேறில்லை. நீரிணைக்கு அப்பால் ஓரினம் அழிந்துகொண்டிருந்த பொழுது, அவ்வெண்பலகையில் ஒரு புள்ளியும் அதற்காகத் தாழவில்லை.

கொழும்பிலோ தொடர்பு நேரானதே. போர் முடிந்ததைக் கொழும்புப் பங்குச் சந்தை திருவிழாவாக்கிற்று. அவ்வாண்டு முழுமையும் கணக்கிட்டால் அதன் குறியெண் ஏறத்தாழ 125 விழுக்காடு உயர்ந்தது. உலகின் மிகச் சிறந்த சந்தைகளுள் ஒன்று என்று பணவுலகம் பாராட்டிற்று. 2007-இல் முதன்முறை உலகச் சந்தையில் 50 கோடித் தாலர் கடன் திரட்டிய பொழுது 8.25 விழுக்காடு வட்டி கொடுக்க வேண்டியிருந்த இலங்கை அரசுக்கு, 2009 அகுதோபரில் அதே தொகை 7.4 விழுக்காட்டுக்குக் கிடைத்தது. உலகெங்கும் அப்பொழுது வட்டி தாழ்ந்திருந்ததும் இதற்கு ஒரு கரணியமே. ஆயினும் முள்வேலி முகாம்களில் இலக்கக்கணக்கான தமிழர் அடைபட்டிருந்த அந்நாளில், அவ்வரசை நம்பத்தக்க கடனாளி என்று மதித்துப் பணத்தை நீட்டிய கைகள் எவையென்று வரலாறு குறித்துவைத்துள்ளது. சிங்களப் பெரும்பான்மையின் வெற்றிக் களிப்பு சந்தையில் ஏற்றமாய்ப் பதிவாயிற்று. தமிழரின் கருத்து அங்கு எந்த எண்ணாகவும் பதியவில்லை.

அக்கணிப்பேனும் நிலைத்ததா? கடன்மேல் கடன் வாங்கிக் குவித்த அந்நாடு 2022 ஏப்பிரல் 12 அன்று, அயல்நாட்டுக் கடனைத் திருப்பித் தர இயலாது என்று அறிவித்தது. அம்மாதத்திலேயே கொழும்புப் பங்குச் சந்தையைச் சில நாள் மூடியும் வைத்தனர். சூலையில், முன்பு வெற்றி வீரராய்ப் போற்றப்பட்ட கோத்தபய இராசபக்சவைச் சிங்கள மக்களே மாளிகையினின்று விரட்டினர். முறையின்மையின் மேல் எழுப்பிய ஆட்சியை உறுதியான ஆட்சி என்று விலைமதித்த சந்தை, 13 ஆண்டுகளில் தன் மதிப்பீட்டைத் தானே கிழித்தெறிய நேர்ந்தது.

இவ்வளவும் கேட்டபின், சந்தை எப்பொழுதும் மக்களுக்குப் பகையே என்று முடிவுகட்டுதலும் பிழையாம். உண்மையை மறைத்து வாதிடுதல் தமிழ்மரபு அன்று. 2022 செபுதம்பரில் பிரித்தானியாவில் நிகழ்ந்ததை நோக்குக. ஏறத்தாழ 81,000 கட்சி உறுப்பினரின் ஒப்போலையால் தலைமையமைச்சராய் வந்த இலிசு திரசின் அரசு, ஈடு செய்ய வழிகாட்டாமலேயே பெரும் வரிக்குறைப்பை அறிவித்தது. மிகுந்த வருவாயுடையோர்க்கு இருந்த 45 விழுக்காட்டு மேல்வரியையும் நீக்கப்போவதாகச் சொல்லிற்று. அரசின் கடனாவணங்களை வைத்திருந்தோர் விற்கத் தொடங்கினர். பவுண்டின் மதிப்பு என்றுமில்லாத அளவுக்குத் தாலருக்கு நிகராய் வீழ்ந்தது. முதியோர் ஓய்வூதிய வைப்புகள் ஆட்டங்காணவே, நடுவண் வைப்பகம் 6,500 கோடிப் பவுண்டு வரை கடனாவணங்களை வாங்க முன்வந்தது. அகுதோபர் 20 அன்று அவ்வம்மையார் பதவி விலகுவதாக அறிவித்தார். இங்குச் செல்வர்க்கான சலுகை ஒன்றையே சந்தை தடுத்தது. ஆனால் ஏழையின்பால் கொண்ட இரக்கத்தால் தடுக்கவில்லை. கொடுத்த கடன் குறையாது திரும்புமா என்னும் ஐயத்தால் தடுத்தது. சில வேளை அவ்வையம் மக்கள் நலத்தோடு ஒத்துச் செல்லும். பல வேளை எதிராகச் செல்லும்.

எதிராகச் சென்றதற்குக் கிரேக்க நாடு சான்று. கடன் கொடுத்தோர் விதித்த கடுமையான சிக்கன நெறிகளை ஏற்பதா என்று 2015 சூலை 5 அன்று அந்நாட்டு மக்களிடம் நேரடியாகவே கேட்கப்பட்டது. 61 விழுக்காட்டினர் 'ஏலோம்' என்றனர். ஆனால் அதற்கு ஒரு கிழமை முன்பே அந்நாட்டு வைப்பகங்கள் மூடப்பட்டிருந்தன. பொறிகளில் ஒருவர் நாளொன்றுக்கு 60 யூரோ மட்டுமே எடுக்கலாம் என்று வரம்பிட்டிருந்தனர். பங்குச் சந்தையும் அடைக்கப்பட்டிருந்தது. மக்கள் மறுத்த எட்டாம் நாள், சூலை 13 அன்று, மறுத்ததைவிடக் கடுமையான நெறிகளுக்கு அவ்வரசு இசைந்தது. குடியாட்சியின் பிறப்பிடம் என்று உலகம் போற்றும் மண்ணில், மக்களின் முடிவு பூட்டிய பணப்பெட்டியின் முன் மண்டியிட்டது. தன் பணத்தைத் தானே ஆளாத நாட்டுக்கு ஒப்போலையால் மட்டும் உரிமை நிலைக்காது என்பதே அந்நாடு கற்பிக்கும் பாடம்.

இனி, அண்மையில் நிகழ்ந்ததற்கு வருவோம். 2024 நாடாளுமன்றத் தேர்தலின் பொழுது, சூன் 4-ஆம் நாளுக்கு முன்னரே பங்குகளை வாங்கிக்கொள்ளுங்கள், சந்தை உயரும் என்னும் கருத்துப்பட நடுவணரசின் உள்துறை அமைச்சரே மே மாதத்தில் தொலைக்காட்சி நேர்காணலில் பேசினார். இறுதிக் கட்டத் தேர்தல் சூன் 1 காரிக்கிழமை முடிந்தது. அதுவரை கருத்துக்கணிப்பை வெளியிடலாகாது என்பது 1951-ஆம் ஆண்டுச் சட்டத்தின் விதி. அன்று மாலை தடை நீங்கியவுடன் கணிப்புகள் மழையெனப் பொழிந்தன. ஆளுங்கூட்டணிக்கு 350-க்கு மேல் என்றனர் பலர். 400-ஐத் தொடும் என்றனர் சிலர். திங்களன்று குறியெண் 2,507 புள்ளிகள் ஏறி 76,468-இல் நின்றது. செவ்வாயன்று உண்மை ஒப்போலைகள் எண்ணப்பட்டன. ஆளுங்கட்சிக்கு 240, கூட்டணிக்கு 293. அன்று மாலை குறியெண் 4,389 புள்ளிகள் வீழ்ந்து 72,079-இல் முடிந்தது. பங்குகளின் மொத்த மதிப்பில் ஏறத்தாழ 31 இலக்கம் கோடி உருபா ஒரே பகலில் கரைந்தது. அவ்வரசே தொடரும் என்று தெளிந்தவுடன், வெள்ளிக்கிழமைக்குள் இழந்ததையெல்லாம் மீட்டு முன்னிலும் உயர்ந்தது.

இவ்வைந்து நாளில் நாட்டின் செல்வம் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. பணம் கை மாறிற்று, அவ்வளவே. கணிப்பை நம்பித் திங்களன்று உச்ச விலைக்கு வாங்கிச் செவ்வாயன்று அஞ்சி விற்றவன் இழந்தான். அவனுக்குத் திங்களன்று விற்றவனும், அவனிடம் செவ்வாயன்று வாங்கியவனும் பெற்றனர். இதில் முறைகேடு உண்டென்று எதிர்க்கட்சித் தலைவர் இராகுல் காந்தி நாடாளுமன்றக் கூட்டுக்குழு ஆய்வு வேண்டினார். ஆளுங்கட்சி அதனை மறுத்தது. அவ்வழக்கு எவ்வாறாயினும் ஆகுக. வேறொரு செய்தி அன்று பலர் கண்ணில் படவில்லை. பொதுத்துறைப் பங்குகளும் அரசின் கட்டுமான ஒப்பந்தங்களை நம்பிய நிறுவனங்களின் பங்குகளும் மிகுதியாய்ச் சரிந்த அந்தச் செவ்வாயன்றே, ஊர்ப்புற மக்கள் நாளும் வாங்கும் வழலை முதலிய பொருள்களைச் செய்யும் நிறுவனங்கள் சிலவற்றின் பங்குகள் ஏறின. பெரும்பான்மை குறைந்த அரசு ஏழை மக்களின் கையில் சிறிது பணம் சேர்க்க நேரும், அவர்களும் சிறிது வாங்குவர் என்பது கணக்கு. ஆக, 'சந்தை அஞ்சியது' என்பதே முழுவுண்மை ஆகாது. அச்சந்தையில் ஒரு மூலை அஞ்சிற்று. ஒரு மூலை நகைத்தது.

இவ்விடத்தில் எண்களைச் சற்று ஒப்பிடுக. அத்தேர்தலில் ஒப்போலையிட்டோர் 64 கோடிப் பேர். அவ்வாண்டு மார்ச்சில் நாட்டிலிருந்த பங்குக் கணக்குகளோ ஏறத்தாழ 15 கோடி. ஒருவர்க்கே பல கணக்கு உண்டாதலின் ஆட்கள் அதனினும் குறைவு. ஒப்போலைப் பெட்டியில் கூலியாளுக்கும் கோடியாளுக்கும் ஒன்றே ஒன்று. சந்தையில் ஓர் உருபாவுக்கு ஓர் ஒப்போலை. கோடி உருபா உடையவனுக்குக் கோடி ஒப்போலை. கையில் ஒன்றுமில்லாதவனுக்கு வாயே இல்லை. இத்தகைய அவையின் தீர்ப்பை மக்கள் தீர்ப்புக்கு மேலாக வைப்பது, குடியாட்சியை ஏலத்தில் விடுவதன்றிப் பிறிதென்ன?

பணமுதலைகளின் ஆட்டம் அவர்களோடு போகட்டும் என்றிருக்கவும் இயலவில்லை. கைப்பேசியில் ஒரு விரலசைவில் பங்கு வாங்கும் வசதி வந்தபின், தமிழ்நாட்டுச் சிற்றூர் இளைஞரும் இப்பொறியில் வீழ்கின்றனர். தங்கையின் திருமணத்துக்குச் சேர்த்ததையும் தாயின் நகையை அடகுவைத்துப் பெற்றதையும், தேர்தல் முடிவை முன்னறிந்தார் போல, விலை ஏறும் இறங்கும் என்று பந்தயமாய் வைக்கின்றனர். பங்குச் சந்தை ஒழுங்காற்று வாரியம் 2024 செபுதம்பரில் வெளியிட்ட ஆய்வு அவர்கள் கண்ணைத் திறத்தல் வேண்டும். முன்பேர வணிகத்தில் இறங்கிய தனியாட்களுள் மூன்றாண்டுக் கணக்கில் 93 விழுக்காட்டினர் இழந்தே வெளியேறினர். அவர்கள் இழந்த தொகை 1.8 இலக்கம் கோடி உருபாவுக்கு மேல். வரக்கூடும் என்னும் பேற்றை நினைத்துக் கைம்முதலை இழக்கும் செயலில் அறிவுடையார் இறங்கார் என்று வள்ளுவர் தெரிந்து செயல்வகையில் உரைத்தது, இவ்விளைஞரை எண்ணியே போலும்.

இக்கேட்டுக்கு மொழியும் ஒரு கரணியம். இவ்வணிகத்தின் ஒப்பந்தங்களும் எச்சரிக்கைகளும் பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. ஈர்க்கும் விளம்பரம் மட்டும் தமிழில் வருகின்றது. பொருள் விளங்காத சொல்லுக்கு மாந்தன் ஒன்று அஞ்சுகிறான், அல்லது மயங்குகிறான், அதனை ஆராய்வதில்லை. வட்டியும் முதலும், விலையும் பேறும், கடனும் ஈடும் நம் முன்னோர் நாளங்காடியிலும் அல்லங்காடியிலும் கையாண்ட கருத்துகளே. கடல் கடந்து வணிகம் செய்த இனம் இன்று பணத்தைப் பற்றிப் பேச நா எழாமல் நிற்பது நாணத்தக்கது. தமிழ்ப் பள்ளிகளும் மன்றங்களும் திங்களுக்கு ஒரு மாலையாயினும் ஒதுக்கி, வரவுசெலவுத் திட்டத்தையும் சந்தையின் இயக்கத்தையும் தூய தமிழில் விளக்கத் தொடங்குதல் வேண்டும்.

சந்தையின் எண்ணை அறவே புறக்கணிக்கச் சொல்வார் இல்லை. பணமுடையோர் எதை எதிர்பார்க்கின்றனர், எதற்குத் திகைக்கின்றனர் என்பதை அறிய அஃதொரு குறி. நாடித்துடிப்பு ஏறிற்றென்று கண்டவுடன் நோயாளியே குற்றவாளி என்று எந்த மருத்துவனும் சொல்லமாட்டான்; ஏன் ஏறிற்றென்று ஆராய்வான். அடுத்த தேர்தலின் மறுநாளும் 'சந்தை அஞ்சியது' என்னும் தலைப்பு வரத்தான் போகின்றது. அன்று அதனைப் படிக்கும் தமிழர், இடவாகுபெயரை நினைவு கூர்வாராக. அஞ்சியவர் எவர், எதை இழப்போம் என்று அஞ்சினர், அவர் இழப்பது எவர்க்குப் பேறாகும் என்று ஒவ்வொன்றாய்க் கேட்பாராக. அவற்றுக்கு விடை கிடைக்கும் வரையில், தம் ஒப்போலையைக் குறித்துத் தாம் தலைகுனியாதிருப்பாராக!